பாங்காக்கில் ஒரு சுத்தபோசன வெள்ளி

பாங்காக் போவதற்கு முன் நான் பயந்தவை இவை: விமானம், விமானத்தின் கழிப்பறை, தெரியாத மொழி, தாழ்ப்பாள் சரியில்லாத அறை, பாம்புக்கறி, பாஸ்போர்ட் தொலைவது, முனிரத்தினம் சார் தொலைவது. இவற்றில் எதுவும் என்னை ஒன்றும் செய்யவில்லை. என் மூச்சை அடைக்கப் பார்த்தது நான் தினமும் கையால் அள்ளிக்கொண்டிருந்த ஒரு பொருள். அதற்குப் பயப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தருமபுரியில் பட்டுப்புழு முட்டை தயாரிக்கும் வித்தகத்தில் நான் தொழில்நுட்ப உதவியாளர். பட்டுக்கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளிவரும் பூச்சிகளை இணைசேர்த்து முட்டையிட விடுவோம். முட்டையிட்டு முடித்த தாய்ப்பூச்சியை அரைத்து, நுண்நோக்கியின் கீழ் நோய்க்கிருமி தேடுவோம். கிருமி இருந்தால் அந்த முட்டைகளை எரித்துவிடுவோம். பூச்சி வெளிவரும் நாட்களில் இறக்கைகளிலிருந்து வெள்ளைச் செதில் உதிர்ந்து அறை முழுக்கப் பறக்கும். அதைப் பூச்சித் தூசி என்போம். அந்த நாட்களில் உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் இருமுவார்கள். எனக்கு உள்ளங்கையும் கண்ணும் உதடும் அரிக்கும், இருமலோடு இழுப்பும் வரும். சுக்குக் காப்பி குடித்துவிட்டு வேலையைத் தொடர்வேன்.

துறை எங்களைப் பட்டுப் பயிற்சிக்காக பாங்காக்குக்கு அனுப்பியது. என்னோடு வந்தவர் முனிரத்தினம் சார். பட்டு ஆய்வாளர். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்காரர், வீட்டில் தெலுங்கு. சுத்த சைவம். கடத்தூரிலிருந்து என்னோடு வந்த அப்பா, தருமபுரி பஸ் நிலையத்தில் என்னை அவரிடம் ஒப்படைத்தார்.

"பொண்ண உங்கள நம்பித்தான் அனுப்பறேனுங்க."

"நம்ம வூட்டுப் பொண்ணாட்டம் பார்த்துக்கறேனுங்க. ஆனா எனக்கு இங்கிலீசு வராது. அதை உங்க பொண்ணு பார்த்துக்கணும்" என்றார் சார். அப்பா சிரிக்கவில்லை.

முதல் நாளே டாக்சியில் மாட்டிக்கொண்டோம். ஓட்டுநர் விடுதியின் முகவரியைப் படித்துவிட்டு, எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். சில்க் என்றேன். முகம் மலர்ந்து, நேராக ஒரு பட்டுத்துணிக் கடை வாசலில் கொண்டுபோய் இறக்கினார். விடுதி, விடுதி என்று நான் அட்டையைக் காட்டிக்கொண்டிருந்தபோது சார் கடைக்குள் நுழைந்துவிட்டார். துணியின் ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியால் கொளுத்தி மோந்து பார்த்தார். எங்கள் பக்கத்தில் பட்டு வாங்கும் யாரும் செய்வதுதான். முடி கருகும் வாடை வந்தால் பட்டு. கடைப்பெண் தீயணைக்கும் சிவப்பு உருளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"நெசமான பட்டுதாம்மா. அவகிட்ட சொல்லு, சந்தோசப்படுவா" என்றார் சார்.

அவள் சந்தோசப்படவில்லை. ஓட்டுநர் எங்களை அடுத்த பட்டுக்கடைக்கு அழைத்துப் போனார்.

மறுநாள் வகுப்பு தொடங்கியது. எங்களுக்குப் பொறுப்பாளர் சோம்ஜித் என்ற தாய்லாந்துப் பெண். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், வேகமாகப் பேசுவார், அதைவிட வேகமாகச் சிரிப்பார். பாடம் நடத்தியவர் ஒகாவா என்ற ஜப்பானிய நிபுணர். அறுபதை நெருங்கியவர். ஒவ்வொரு கேள்விக்கும் முதலில் தலை வணங்கி, பிறகு பதில் சொல்வார். சாரும் பதிலுக்கு வணங்குவார். சில கேள்விகள் வணக்கத்திலேயே முடிந்துபோயின.

சாப்பாடு தனிப் போராட்டம். சோறு நம்முடையதுபோலத்தான், ஆனால் குழம்பில் சர்க்கரை, அதன்மேல் மீன்சாறு, அதற்கும் மேல் நம்மூர் மிளகாயை வெட்கப்பட வைக்கும் ஒரு குட்டி மிளகாய். சார் வெறும் சோற்றில் வீட்டிலிருந்து கொண்டுவந்த பருப்புப்பொடியைப் போட்டுப் பிசைவார். பக்கத்து மேசைக்காரர்கள் அது என்ன மருந்து என்று கேட்டார்கள்.

வகுப்புக்குப் போகக் கால்வாயில் படகு. நம்மூர் டவுன்பஸ் போலவே முழுதாக நிற்காது. நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரையில் தயங்கினேன். படகிலிருந்த பூக்கார அம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்து ஒரே இழுப்பில் உள்ளே போட்டுக்கொண்டார். கீழே கறுப்புத் தண்ணீர் நுரைத்தது. இறங்கும்வரை அவர் கையை நானும் விடவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. மறுநாள் காலை வடகிழக்கில் இருக்கும் பட்டு நிலையத்துக்குப் புறப்பட வேண்டும். அதனால் அன்று மாலை ஒகாவா விருந்து கொடுத்தார். தவக்கால வெள்ளி. எங்கள் வீட்டில் அது சுத்தபோசன நாள், கறி தொடக்கூடாது. எங்கே போனாலும் அதை மறக்காதே என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள்.

உணவகம் ஜப்பானியர்கள் கூடும் ஒரு சந்தில், மாடியில் இருந்தது. கதவைத் திறந்ததும் எனக்குத் திரும்பிவிடலாம் என்று தோன்றியது. உள்ளே இருட்டு. நீல விளக்குக் குழாய்கள், கூரையிலும் சுவரிலும் கண்ணாடி. மேடையில் மினுங்கும் உடை அணிந்த பெண் மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தாள். டையைத் தளர்த்திய ஆண்கள் மேசை மேசையாகச் சிரித்தார்கள். ஒரு சுவர் நிறைய மது பாட்டில்கள், ஒவ்வொன்றின் கழுத்திலும் பெயர் எழுதிய அட்டை. வாடிக்கையாளர் வாங்கிய பாட்டிலை மீதியோடு இங்கேயே விட்டுப் போவார்களாம், அடுத்த முறை வந்து கேட்பார்களாம். எத்தனை ஆண்கள், எத்தனை பாட்டில், வெளியேறும் வழி எது, எனக்கும் அந்த வழிக்கும் நடுவே யார் என்று பார்த்துக்கொண்டேன். கடத்தூர்க்காரர் யாராவது பார்த்துவிட்டால் என்ற பயமும் வந்தது. இங்கே அப்படி யாரும் இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் பங்குக் கோவிலுக்கு வரும் ஒருவரின் தம்பி சிங்கப்பூரில் இருந்தார். சிங்கப்பூர் இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று யோசித்தேன்.

"இங்கே தாய்லாந்துச் சமையலும் ஜப்பான் சமையலும் ஒரே அடுப்பில்" என்றார் சோம்ஜித். "சமையல்காரருக்குப் பைத்தியம் என்று சிலர் சொல்வார்கள். வெள்ளிக்கிழமை இடம் கிடைக்காது."

காக்டெயில் வந்தது. பச்சையும் சிவப்பும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலக்காமல் நின்றன, மேலே ஒரு காகிதக் குடை. நான் மது வேண்டாம் என்றேன். எனக்கு எலுமிச்சைப்புல்லும் சர்க்கரையும் சோடாவும் கலந்த பானம் வந்தது. மோந்து பார்த்தேன், நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன், பிறகுதான் குடித்தேன். சார் எதையும் பார்க்காமல் காக்டெயிலை எடுத்துக்கொண்டார்.

"எலுமிச்ச சர்பத்தாட்டம் இருக்குதும்மா. இதுல ஒண்ணும் இல்ல."

"அதுல சாராயம் இருக்குதுங்க சார்."

"இருந்தா தெரியாதா எனக்கு?" என்று அடுத்ததையும் வாங்கினார். எனக்குத் துணையாக வந்த ஒரே ஆள் கண் முன்னே தளர்ந்துகொண்டிருந்தார். என் பயம் ஒரு படி ஏறியது.

தட்டுகள் வரத் தொடங்கின. பச்சை மீனை மெல்லியதாகச் சீவி, எலுமிச்சைச் சாறும் புதினாவும் மிளகாயும் தூவியது. அது கறி அல்ல, ஆனால் வேகாதது, என்னால் முடியவில்லை. இனிப்புச் சாறு பூசிச் சுட்ட மாட்டிறைச்சி, வெள்ளிக்கிழமை. தேங்காய்ப்பால் ஊற்றிய பச்சைக் குழம்பில் தடித்த நூடுல்ஸ், நடுவில் கோழி, அதுவும் வெள்ளிக்கிழமை. ஒவ்வொன்றுக்கும் நான் தலையாட்டி மறுத்தேன். ஒகாவாவின் முகம் வாடிக்கொண்டே போனது. விருந்தாளியின் தட்டு காலியாக இருப்பது அவருக்கு அவமானம் என்று சோம்ஜித் என் காதில் சொன்னார். எழுந்து சமையல்காரரிடம் போன ஒகாவா சிரித்துக்கொண்டே திரும்பினார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு தட்டை மூடி எடுத்து வந்தார்கள். மூடியைத் திறந்ததும் நான் முதல்முறையாக அந்த இடத்தில் தெரிந்த முகம் ஒன்றைப் பார்த்தேன். பட்டுக்கூட்டுக்குள் இருக்கும் கூட்டுப்புழு. பழுப்பு நிறம், வளைய வளையமாக உடல். பொரித்து, மேலே மினுமினுப்பாக ஏதோ பூசியிருந்தார்கள்.

"என் அம்மா இதைச் சோயா சாற்றிலும் சர்க்கரையிலும் வேகவைப்பார்" என்றார் ஒகாவா. "எங்கள் மலைநாட்டில் பட்டு நூற்ற வீடுகளில் எல்லாம் உண்டு."

"எங்கள் பக்கம் எண்ணெயில் பொரித்து, எலுமிச்சை இலை போடுவோம்" என்றார் சோம்ஜித். "இன்று இரண்டும் சேர்ந்திருக்கிறது. பட்டுக்காரர்களுக்காகச் செய்தது."

சார் தட்டைக் குனிந்து பார்த்தார். "ஏம்மா, இது நம்மூர்ல கோழிக்குப் போடறதில்ல?"

"அதேதாங்க சார்."

"கோழி குடுத்து வெச்சது. எனக்கு வேணாம். உனக்கும் சுத்தபோசனமாச்சே, புழு கறியில சேருமா?"

மீன் கறியல்ல, தவளைகூடக் கறியல்ல என்று மறைக்கல்வி வகுப்பில் எங்கள் சிஸ்டர் சொன்னது நினைவில் இருந்தது. புழுவைப் பற்றி யாரும் அவரிடம் கேட்டதில்லை. வெந்திருக்கிறது, மது இல்லை, கறியும் இல்லை. இந்த ஊரில் எனக்கு நன்றாகத் தெரிந்த பொருள் இது ஒன்றுதான். எடுத்துச் சாப்பிட்டேன். முந்திரிக்கும் வறுத்த வேர்க்கடலைக்கும் நடுவில் ஒரு சுவை. ஒகாவா கை தட்டினார். இன்னும் எடுத்தேன். அந்த வாரத்தில் முதல் தடவையாக எனக்குப் பயம் இல்லாமல் இருந்தது.

முதலில் உள்ளங்கை அரித்தது. மேசைத்துணியில் தேய்த்துக்கொண்டேன். கண்ணும் அரித்தது. பிறகு உதடு தடித்தது, பல் பிடுங்க ஊசி போட்ட மாதிரி. காது சூடாயிற்று. பாட்டு எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. தண்ணீர் கேட்க வாயைத் திறந்தேன். வந்தது என் குரல் இல்லை.

சோம்ஜித் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "தக்காளிபோலச் சிவந்துவிட்டீர்கள். முதல் காக்டெயிலா?"

பரிமாறியவர் என் கோப்பையைத் தூக்கி விளக்கில் காட்டி, மது இல்லை, மது இல்லை என்றார். யாரும் நம்பவில்லை. சார் எழுந்து நின்றார், மேசையைப் பிடித்துக்கொண்டு.

"ஜூசுன்னு சொல்லி ஊத்திட்டானுங்களாம்மா? தேவுடா. ஒண்ணும் ஆவாது. ரூமுக்குப் போயிப் படுத்தா காலையில தெளிஞ்சுரும்."

நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். தொண்டையில் யாரோ கயிற்றைப் போட்டு முறுக்குவதுபோல் இருந்தது. இழுத்த மூச்சு பாதி வழியில் நின்றது.

"சொல்றதக் கேளு. ஆசுபத்திரின்னு போனா ஆபீசுக்குச் சேதி போவும். சாராயக் கடையில பொண்ணு வுழுந்துட்டான்னு சொல்லுவாங்க. உங்கப்பாவுக்கு நான் என்னத்தச் சொல்றது?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அந்த அறையில் என் பெயரைக் காப்பாற்ற நினைத்தவர் அவர் ஒருவர்தான். ஆனால் அவர் பேச்சைக் கேட்டு விடுதிக்குப் போனால் நான் படுத்தபடியே செத்துவிடுவேன் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தலைக்குள் ஓர் ஓரத்தில் என் படிப்பு மட்டும் வேலை செய்தது. அரிப்பு எங்கே தொடங்கியது? உள்ளங்கையில். அடுத்து? கண், உதடு, இழுப்பு. இதே வரிசை எனக்குப் பழக்கமானது. பூச்சி வெளிவரும் நாட்களில் சின்னதாக வருவதுதான் இப்போது மொத்தமாக வந்திருக்கிறது. இது போதை இல்லை.

தட்டிலிருந்து ஒரு புழுவை எடுத்துச் சாரின் உள்ளங்கையில் வைத்து மூடினேன். என் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். மிச்சமிருந்த மூச்சில் சொன்னேன்.

"பூச்சித் தூசி."

சோம்ஜித்துக்கும் ஒகாவாவுக்கும் அந்தச் சொல் புரியாது. சாருக்குப் புரிந்தது. எங்கள் வித்தகத்துக்கு எத்தனையோ முறை வந்து, கதவருகே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றவர் அவர். அவர் முகத்திலிருந்து இரண்டு காக்டெயிலும் இறங்கிப் போயின. "ஹாஸ்பிடல்" என்று சோம்ஜித்திடம் கத்தினார். இங்கிலீசில் அவர் பேசி நான் கேட்ட முதல் சொல்.

கீழே ஒகாவாவின் கார் இருந்தது. சந்து முனைவரை போனது, அதற்கு மேல் நகரவில்லை. வெள்ளிக்கிழமை மாலை பாங்காக் அப்படித்தான் என்று ஒகாவா முன்சீட்டிலிருந்து திரும்பித் திரும்பித் தலை வணங்கினார். ஒவ்வொரு மூச்சுக்கும் என் தோள்கள் மேலே ஏறி இறங்கின. விசில் சத்தம் கேட்டது. போக்குவரத்துப் போலீஸ் என்று நினைத்தேன். என் நெஞ்சுதான்.

சோம்ஜித் கதவைத் திறந்து ஒரு வாடகை மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். என்னை ஒருக்களித்து உட்காரவைத்து, முந்தானையைச் சுருட்டி என் மடியில் திணித்து, எனக்குப் பின்னால் ஏறி இரண்டு கைகளாலும் இறுக்கிக்கொண்டார். வண்டி பஸ்களின் நடுவே, நடைபாதையில், ஒரு நூடுல்ஸ் கடைக்குள்கூடப் புகுந்து வெளியே வந்தது. விளக்குகள் ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டு வந்தன. அருள் நிறைந்த மரியே என்று தொடங்கினேன். அடுத்த வரி வரவில்லை. சிறு வயது முதல் சொல்லும் ஜெபத்தில் அடுத்த வரி வரவில்லை. அப்போது எனக்கு வந்த பயத்தை இன்றும் என்னால் எழுத முடியவில்லை.

மருத்துவமனையில் யாரும் எதுவும் கேட்கவில்லை. கையில் ஊசி ஏறியது. என் இதயம் ரைஸ்மில் பெல்ட் மாதிரி அடித்துக்கொண்டது, கைகால் நடுங்கின. கொஞ்சம் கொஞ்சமாகத் தொண்டைக் கயிறு தளர்ந்தது. முதல் முழு மூச்சு உள்ளே போனபோது அதில் டெட்டால் வாசனை இருந்தது.

சார் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்து சேர்ந்தார். சட்டை முழுக்க வியர்வை. இன்னொரு கையை மூடியே வைத்திருந்தார். விரித்தார், நசுங்கிய புழு.

"டாக்டருக்குக் காட்டணுமில்ல. அதான் பத்திரமா கொண்டாந்தேன்."

மருத்துவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். வேலை செய்யும்போது இருமல் வருமா, இழுப்பு வருமா, கை அரிக்குமா என்று கேட்டார். ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்றேன். தூசி என்றேன்.

"வெறும் தூசி இல்லை" என்றார். "உங்கள் உடம்பு இந்தப் பூச்சியை எதிரியாக எண்ணிப் பழகிவிட்டது. இன்று அதை விழுங்கினீர்கள். இனி ஒரு புழுகூட வாயில் படக்கூடாது. அந்த அறைக்குள்ளும் போகாமல் இருப்பது நல்லது."

போகாவிட்டால் வேலை என்னாகும் என்று அவரிடம் எப்படிக் கேட்பது? அன்றிரவு அங்கேயே வைத்திருந்தார்கள். தூங்கினால் மூச்சு நின்றுவிடுமோ என்று நான் தூங்கவில்லை. சார் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கதவு திறக்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்து, "மூச்சு வுடறியாம்மா?" என்று கேட்டார்.

ஒருநாள் தாமதமாக வடகிழக்கே போனோம். அந்த நிலையத்தில் பூச்சி அறைக்கும் ஆய்வு மேசைக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு இருந்தது. உள்ளே வேலை செய்த பெண்கள் எல்லோரும் தடித்த துணியால் மூக்கையும் வாயையும் கட்டியிருந்தார்கள். காற்றை வெளியே இழுக்கும் விசிறிகள் ஓடின. ஒகாவா அந்த விருந்துக்குப் பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம் இடுப்புவரை வணங்கிக்கொண்டிருந்தார். தடுப்பருகே நின்று அவரிடம் இதெல்லாம் ஏன் என்று கேட்டேன்.

"எங்கள் நாட்டில் இழுப்பு வந்து பலர் வேலையை விட்டார்கள்" என்றார். "எல்லோருக்கும் வராது. யாருக்கு வரும் என்று முன்னால் தெரியாது. வந்தவருக்கு வருடத்துக்கு வருடம் கூடும்."

பயிற்சி முடியும்வரை நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கமே நின்றேன். சார் துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே போய், எனக்கும் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்தார்.

தருமபுரி பஸ் நிலையத்தில் அப்பா காத்திருந்தார். எல்லாம் நல்லபடியா என்று அவர் கேட்டு முடிக்கும் முன் சார் சொல்லிவிட்டார். "சாராயம் விக்கற இடத்துலதாங்க சாப்பிட்டோம். நான் குடிச்சேன், உங்க பொண்ணு குடிக்கல. புழுவத் தின்னு சாவக் கெடந்துச்சு. மொதல்ல நான் ரூமுக்குக் கூட்டிட்டுப் போவத்தான் பார்த்தேனுங்க. அதக் கேட்டிருந்தா உங்க பொண்ணு இப்ப இல்லீங்க." அப்பா என் பெட்டியைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டார்.

திங்கட்கிழமை வித்தகத்துக்குப் போனேன். பூச்சி வெளிவந்திருந்த நாள். ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். திறந்தால் பல்லி வரும், குருவி வரும். கதவுச் சந்தில் விழுந்த வெயிலில் வெள்ளைத் தூள் சுழன்றது. நான் வாசற்படிக்கு வெளியே நின்றுவிட்டேன். உள்ளே ராஜம்மாவும் மற்றப் பெண்களும் தட்டுகளில் பூச்சி பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க மேடம்" என்றாள் ராஜம்மா. "ஏரோபிளேன்ல போயி வந்ததும் எங்க நாத்தம் புடிக்கலீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். ராஜம்மாவின் சிரிப்பு இருமலாக மாறியது. இருமலின் கடைசியில் ஒரு மெல்லிய விசில். அதை நான் இதற்கு முன் கேட்டதே இல்லையா, கேட்டும் கேட்காமல் இருந்தேனா, தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவள் முழங்கையால் கண்ணைத் தேய்த்துக்கொண்டாள்.

"ராஜம்மா, உள்ளங்கை அரிக்குதா?"

"பூச்சி நாள்ல யாருக்கு அரிக்காதுங்க? எனக்கு இந்த வருசம் உதடும் சேந்து அரிக்குது. என்னான்னு தெரியல."

"எல்லாரும் கொஞ்சம் வெளிய வாங்க" என்றேன்.

"இப்பவேங்களா? பூச்சி கெடக்குதுங்களே."

"கெடக்கட்டும். நீங்க மொதல்ல வெளிய வாங்க."